கேட்காமல் எழுதிய செய்தி

தேவனாம்பட்டினத்தில், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்கு இறங்குகிற ஆளைப் பார்த்து "எங்க போற?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அன்றைய மீன்பாடு போச்சு என்பார்கள். மோகனப்பிரியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் தன் அப்பாவிடம் அப்படிக் கேட்டுத் தொலைத்தாள். அப்பா வலையை இறக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். அன்றைக்கு அவர் கடலுக்குப் போகவே இல்லை. அம்மாதான் முதுகில் ஒன்று வைத்தாள். "வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா நீ? கண்ணு எதுக்கு இருக்குது?"

அதற்குப் பிறகு அவள் கண்ணை நம்பி வளர்ந்தாள். கூடையைத் தலையில் வைத்துப் பெண்கள் நடக்கிற நடையைப் பார்த்தே மீன் பட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். கரையில் இரண்டு பேர் முகம் பார்க்காமல் வலை உதறினால் அவர்களுக்குள் தகராறு. படகெல்லாம் மணலில் ஏறிக் கிடந்து, ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை என்றால் ஊரில் ஒரு உயிர் போயிருக்கிறது. சாவு விழுந்த நாளில் ஊரே தொழிலுக்குப் போகாது. இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பார்த்தால் தெரியும்.

குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. கடலூரில் பி.காம். முடித்தாள். வங்கித் தேர்வு எழுதினாள், கிடைக்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் நடக்கும் 'கெடில முரசு' என்ற உள்ளூர் நாளிதழில் பயிற்சி நிருபர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள், சேர்த்துக்கொண்டார்கள். செய்தி ஆசிரியர் திருநாவுக்கரசு எப்போதும் எரிந்து விழுகிற மனிதர். முதல் நாளே நிற்க வைத்துப் பாடத்தை முடித்துவிட்டார்.

"யாரு, என்ன, எங்க, எப்ப, ஏன், எப்படி. இந்த ஆறுக்கும் பதில் இல்லாம ஒரு வரி அனுப்பாத. அந்தப் பதிலையும் ரெண்டு பேர்கிட்டயாவது கேட்டு உறுதி பண்ணு. போ."

புகைப்படக்காரர் சார்லஸ் பக்கத்தில் நின்று சிரித்தார். "ஏழாவத விட்டுட்டாரும்மா. டீ யாரு வாங்கித் தர்றது?"

ஆறும் கேள்விகள். அதுதான் அவளுக்குச் சிக்கல். முன்பின் தெரியாதவர் எதிரில் போய் நின்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மற்ற வீடுகளில் பிள்ளைகளைக் கேட்க விட்டு வளர்த்திருப்பார்களோ, தனக்கு மட்டும் அந்த நரம்பு இல்லாமல் போய்விட்டதோ என்று பேருந்தில் வரும்போதெல்லாம் யோசிப்பாள். முதுநகர் மீன் ஏலத்துக்கு அனுப்பினார்கள். ஒருத்தரையும் ஒன்றும் கேட்காமல், ஓரமாக நின்று பார்த்தே விலை நிலவரத்தை எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு பிசகு இல்லை. திருநாவுக்கரசு "பரவால்லையே" என்றார். அந்த ஒரு சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்காமலும் நிருபர் ஆகலாம் போலிருக்கிறது.

சிதம்பரத்து நிருபர் தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போனபோது, சார்லஸோடு அவளைக் கீழவீதிக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். போன மறுநாள் காலையிலேயே திருநாவுக்கரசு போன் செய்தார்.

"உங்க ஊர் ஆள்தான், காசிநாதனாம். விடியக்காலையில முகத்துவாரத்துல ஃபைபர் படகு கவுந்திருக்கு. மத்தவங்க நீந்திக் கரையேறிட்டாங்க. இவர இன்ஜின் விசிறி தொடையில வெட்டிருச்சாம். கடலூர்ல பாத்துட்டு அண்ணாமலைநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. போய் நெலமை என்னன்னு கேட்டுச் சொல்லு. சீக்கிரம்."

காசிநாதன் மாமா. தெருவில் நாலு வீடு தள்ளி. சார்லஸின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காசிநாதனின் மனைவி அமராவதி தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. பொட்டு இல்லை. காலை நீட்டிப் போட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுது முடித்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று மோகனப்பிரியாவுக்குத் தெரியும். அவள் தூண் ஓரமாகவே நின்றுவிட்டாள். அத்தை, மாமா எப்படி இருக்காரு? மனசுக்குள் கேள்வி தயாராக இருந்தது. ஆனால் போய்விட்டிருந்தால் அதை எந்த வாயால் கேட்பது? போகாமல் இருந்தால், அப்படிக் கேட்பதே அபசகுனமாகிவிடாதா?

வண்டியை நிறுத்திவிட்டு வந்த சார்லஸ், "கேட்டியா?" என்றார்.

"கேக்கறேண்ணா."

"பத்தடிதானம்மா இருக்கு. நான் வேணா கேக்கவா?"

"வேணாம். எங்க ஊரு. எனக்குத் தெரியும்."

செல்போனை எடுத்தாள். ஊர்க்காரன் ஹரிஷ் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருந்தான். வெயில் ஏறிய கரை. மொத்தப் படகும் மணலில். ஒரு ஆள் இல்லை. கீழே கும்பிடுகிற கை.

ஊர் தொழிலை நிறுத்திவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் திருநாவுக்கரசு போன் செய்தார். "இன்னாம்மா ஆச்சு? வேற ஒருத்தன் 'மீனவர் கதி என்ன?'ன்னு போட்டுட்டான். ஆள் இருக்காரா இல்லையா?"

"இல்ல சார். தவறிட்டாரு."

"உறுதியா? ரெண்டு இடத்துல கேட்டியா?"

அவள் அமராவதியின் அவிழ்ந்த கூந்தலைப் பார்த்தாள். கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். இரண்டு.

"ரெண்டு இடம் சார்."

முரசின் வாட்ஸ்அப் சேனலில் செய்தி வந்து விழுந்தது. அவள் செல்போனிலும் மணி அடித்தது. 'படகு கவிழ்ந்து தேவனாம்பட்டினம் மீனவர் காசிநாதன் பலி.' கூடவே 'நமது நிருபர்'. நிருபர் என்றால் அவள்தான். அந்தத் துக்கத்திலும் எங்கேயோ ஒரு மூலையில் சின்னதாக ஒரு பெருமை இருந்தது. அது இருந்ததுதான் பிற்பாடு அவளை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது.

"படம் வேணுமே. பாஸ்போர்ட் சைஸ் இருந்தா போதும். அந்தம்மாகிட்ட..." என்று சார்லஸ் ஆரம்பிக்கும்போது, வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். ஊர் ஆட்கள். கட்டிய லுங்கியோடு ஏறிய கூட்டம் திமுதிமுவென்று இறங்கியது. காசிநாதனின் தம்பி கதிரவன் முன்னால் வந்தான். உடம்பை வாங்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் போனாள்.

ஆனால் அவர்கள் பிணவறைப் பக்கம் திரும்பவில்லை. ஒரு நர்ஸ் கை காட்டிய திசையில், எதிர்க் கட்டடத்துக்குப் போனார்கள். அங்கே வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஒருத்தன் இன்னொருத்தன் முதுகில் தட்டிச் சிரித்தான்.

சாவு எடுக்க வந்தவர்கள் சிரிப்பார்களா?

கால் தானாக நடந்தது. கிட்டே போகப் போகப் பேச்சு காதில் விழுந்தது.

"டேய் அன்பரசு, ஊசியப் பாத்ததும் மயக்கம் போட்டுடாத. உன்னத் தூக்கினு போவ எங்களால ஆவாது."

"போ மச்சான். உன் உடம்புல ரத்தமா இருக்கும்? பாதி டாஸ்மாக்தான். உன்ன வேணாம்னு தொரத்தப் போறாங்கோ பாரு."

சுவரில் 'இரத்த வங்கி' என்று எழுதியிருந்தது.

"கதிரவன் மாமா." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "யாருக்கு ரத்தம்?"

கதிரவன் திரும்பினான். "அட, மோகனா! நீ இங்கதான் இருக்கியா? யாருக்குன்னா கேக்கற? அண்ணனுக்குத்தான். ரத்தம் ஜாஸ்தி போயிடுச்சாம், ஏத்திக்கினே இருக்காங்கோ. எந்த குரூப்பா இருந்தாலும் குடுங்க, மாத்திக்கறோம்னாங்க. பஞ்சாயத்துல சொல்லி ஊரே தொழில நிறுத்திட்டு வந்துட்டோம். இன்னொரு வேன் பின்னால வருது."

ஊர் தொழிலை நிறுத்தியது ஒரு உயிரைப் பிடித்து வைக்க. அவள் அதையே சாவுக்குச் சாட்சியாக்கி அனுப்பியிருக்கிறாள்.

"மாமா... அப்ப அவரு..."

"உள்ளதான் இருக்காரு. இன்னா புள்ள, மூஞ்சி ஏன் இப்பிடி ஆயிடுச்சு?"

அவள் ஓரமாக ஓடிப் போய்த் திருநாவுக்கரசுக்குப் போன் போட்டாள். "சார், எடுத்துருங்க. உசுரோட இருக்காரு. எடுத்துருங்க சார்."

மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம்.

"எடுத்துட்டேன். எடுத்தா ஆச்சா? எத்தனை குரூப்புக்குப் போயிருக்கோ." மூச்சு விட்டார். "ரெண்டு இடம்னியே. எந்த ரெண்டு இடம்?"

சொன்னாள். படகையும் கூந்தலையும். சொல்லும்போதே எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. "அந்தக் குடும்பத்துல இத யார் யார் பாத்திருப்பாங்கன்னு முதல்ல பாரு. மத்தது அப்புறம்" என்று வைத்துவிட்டார்.

கதிரவன் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். அவன் பாதியைக் கேட்டிருந்தான். மீதியைத் தன் செல்போனில் பார்த்தான். முகம் கறுத்துப் போனது.

"பூஜா நேத்தே கூட்டாளி வூட்டுக்குப் படிக்கப் போயிடுச்சு, அங்கேருந்தே பரீட்ச எழுதுது கடலூர்ல. முடிச்சிட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நாங்க யாருமே அதுக்குச் சொல்லல. வெளிய வந்ததும் போன ஆன் பண்ணும். மொத மொதல்ல இதான் கண்ணுல படும்." பல்லைக் கடித்தான். "படிச்ச புள்ளன்னு ஊரே உன்னப் பத்தி பெருமையா பேசிக்கினு இருக்குது."

காசிநாதனின் ஒரே மகள் பூஜா. கல்லூரி முதலாம் ஆண்டு.

மோகனப்பிரியா தன் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா முதுநகரில் எடுத்த மீனை மஞ்சக்குப்பம் மார்க்கெட்டில் விற்றுக்கொண்டிருந்தாள். கேட்டதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "கூடைய பாத்திமா மேரிகிட்ட வுட்டுட்டு காலேஜுக்கு ஆட்டோ புடிக்கறேன்" என்றாள். பின்னால் யாரோ மீன் விலை கேட்கிற சத்தமும், அம்மா "அட போய்யா" என்று கத்துவதும் கேட்டன.

இனி ஒரு ஆள்தான் பாக்கி. அமராவதியின் செல்போன் இன்னும் அடிக்கவில்லை. அடித்து, யாரோ ஒருவர் ஒப்பாரியோடு துக்கம் கேட்பதற்குள் அவளிடம் போக வேண்டும். திரும்பி நடந்தாள். காலையில் கடக்க முடியாத அந்தப் பத்தடியை இப்போது நிற்காமல் கடந்தாள்.

எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அத்த."

அமராவதி மெல்லத் திரும்பினாள். "மோகனாவா? எப்ப வந்த? எங்கூட செத்த நேரம் உக்காரு. அப்பலேருந்து தனியா உக்காந்திருக்கறது பயமா இருக்குது."

அந்தச் சொல்லுக்குப் பிறகு பேசுவது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பேசினாள். எதையும் மறைக்கவில்லை. தூண் ஓரம் நின்றது, பார்த்தது, அனுப்பியது, எடுத்தது, பூஜா, அம்மா ஆட்டோவில் போய்க்கொண்டிருப்பது.

அமராவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கை மோகனப்பிரியாவின் தோளில் வந்து இறங்கியது. அடியா பிடியா என்று தெரியாத மாதிரி ஒரு இறுக்கு.

"அவரு உள்ள மூச்சு வுட்டுக்கினு கெடக்கறாரு. நீ இங்க நின்னுக்கினு அவர சாவடிச்சிட்டியா? அவிழ்ந்த முடியப் பாத்தியாம். தண்ணியிலேருந்து தூக்கும்போது ஓடினேன்டி, கரையில விழுந்து பொரண்டேன். அதுல அவிழ்ந்தது. முடிஞ்சிக்கக் கை வரல. தாலி கழுத்துல இருக்குதே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

செல்போன் அடித்தது. மோகனப்பிரியாவின் அம்மா.

"அய்யோ, நான் வர்றதுக்குள்ள பொண்ணு பாத்துடுச்சுடி. காலேஜ் கேட்டுகிட்ட தரையில உக்காந்துடுச்சு. எழுந்திருக்க மாட்டேங்குது. உசுரோட இருக்காருன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்குது."

அமராவதி போனைப் பிடுங்கினாள். "பூஜா. அம்மாடி. அம்மாதான் பேசறேன். இல்லடி, பொய் இல்ல. அப்பா உள்ள இருக்காரு. நான் பாத்தேன். கால் வெரல அசைச்சாரு. அழுவாத." அந்தப் பக்கத்து அழுகை செல்போனுக்கு வெளியே கேட்டது. அமராவதி திரும்பத் திரும்ப "நான் பாத்தேன், நான் பாத்தேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் அழுகை தேம்பலானது. "அவுங்க கூட வீட்டுக்குப் போ. தண்ணி குடி. சாயங்காலம் சித்தப்பாவ அனுப்பறேன்."

போனைத் திருப்பித் தந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

திருநாவுக்கரசு மறுபடி அழைத்தார். "திருத்தம் போடணும். நீயே எழுது. இப்ப என்ன நெலமை, யார் சொன்னது, அதோட. கேக்காம ஒரு எழுத்து எழுதாத."

அவள் எழுந்து, கதவருகே பரபரப்பாக வந்த டாக்டரின் முன்னால் போய் நின்றாள். நாக்கு ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு நேரம் இருக்கவில்லை.

"சார், நான் முரசு பத்திரிகை. காசிநாதன் எப்படி இருக்காரு?"

"நிறைய ரத்தம் போயிருக்கு. ஆபரேஷன் பண்ணியிருக்கோம். இன்னிக்கு, நாளைக்கு ரெண்டு நாளும் தாண்டணும். இப்போதைக்கு எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

"'சொல்ல முடியாது'ன்னே போடலாமா சார்?"

"அதத்தானே சொன்னேன்" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து அமராவதியின் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் தட்ட ஆரம்பித்தாள். அமராவதி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா எழுதற?"

"நாங்க போட்டது தப்புன்னு எழுதறேன் அத்த."

"தேறிட்டாருன்னு எழுது."

மோகனப்பிரியாவின் விரல் நின்றது.

"செத்துட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னல்ல? அதே கையால தேறிட்டாரு, நல்லா இருக்காருன்னு எழுது. அந்தக் கெட்ட வார்த்த அழியணும். உனக்கு அந்தக் கடன் இருக்குது."

கடன் இருந்தது. எழுதிவிட்டால் என்ன? இந்த அத்தைக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. கதிரவன் மாமா மறுபடி முகம் கொடுத்துப் பேசுவார். ஊரில் அம்மா தலைநிமிர்ந்து மீன் விற்கலாம். ஒருவேளை அவர் தேறியும் விடலாம். தேறாவிட்டால்? நாளைக்கோ மறுநாளோ, அதே பூஜா அதே செல்போனைப் பார்த்து...

"டாக்டர் அப்படிச் சொல்லல அத்த. ரெண்டு நாள் தாண்டணும்னாரு. அவர் சொல்லாதத நான் எழுதக் கூடாது."

"எல்லாத்தையும் கேட்டுட்டு வந்து எழுதறவ மாதிரி பேசற!"

அது சுருக்கென்று குத்தியது. ஆனாலும் அவள் கேட்டாள்: "நீங்க இன்னா நெனைக்கறீங்க அத்த?"

"இன்னாது?"

"மாமா தேறிடுவாரா?"

அமராவதி அவளை வெறித்துப் பார்த்தாள். காலையிலிருந்து அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். "தேறிடுவாரு" என்றாள், நிதானமாக. "பொண்ண ஒரு எடத்துல குடுக்காம போவ மாட்டாரு. அழிச்சாட்டியம் புடிச்ச மனுஷன். தேறிடுவாரு."

மோகனப்பிரியா அதைத் தட்டினாள். பிறகு வாய்விட்டு வாசித்துக் காட்டினாள்.

"'படகு கவிழ்ந்து காயமடைந்த தேவனாம்பட்டினம் மீனவர் காசிநாதன் உயிருடன் சிகிச்சையில் இருக்கிறார். அவர் இறந்ததாக முரசு வெளியிட்டது தவறு. அதற்காக அவர் குடும்பத்தாரிடம் வருந்துகிறோம். இரண்டு நாட்கள் கடந்தால்தான் நிலைமை தெரியும், இப்போது உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் கூறினார். அவருக்கு இரத்தம் கொடுக்க ஊர் மக்கள் தொழிலை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் தேறிவிடுவார் என்று மனைவி அமராவதி கூறினார்.'"

"டாக்டர முன்னாடி போட்டு என்னப் பின்னாடி போட்டுட்ட."

"மாத்தணுமா அத்த?"

அமராவதி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. "காசிநாதன் வீட்டுக்காரங்க யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டாள். அமராவதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

மோகனப்பிரியாவின் செல்போன் அடித்தது. திருநாவுக்கரசு. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சார்லஸ் பக்கத்தில் வந்து, "அனுப்பிடும்மா, கத்தறாரு" என்றார்.

"அவுங்க வெளிய வரட்டும்ணா."

கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதவிலிருந்து எதையும் ஊகிக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஊகித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அமராவதி வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அத்த, இன்னா சொன்னாங்க?"

"இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்தணுமாம். கையெழுத்து வாங்கினாங்க. அப்படியேதான் இருக்காராம்."

"அப்படியேன்னா, டாக்டர் முன்ன சொன்ன மாதிரியே?"

"ஆமாண்டி. அப்படியே."

அனுப்பினாள். மணி அடித்து வந்து விழுந்த செய்தியை அமராவதியிடம் காட்டினாள். அமராவதி கடைசி வரியை விரலால் தடவிக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தாள். கூந்தலை இரண்டு கையாலும் வாரி இறுக்கி முடிந்துகொண்டாள்.

"இத பூஜாவுக்கு அனுப்பு" என்றாள். "என் பேரு போட்டிருக்குதுல்ல, நம்புவா."